கனத்த மோட்டருக்கு வாலில் ஈயம் கட்டலாமா?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடித்து ஆறுதலாக இருக்கிற நேரத்தில் வாசியுங்கள். எங்களைத் திட்டுவதென்றால் தாராளமாகத் திட்டலாம், ஆனால் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் விஞ்ஞானக் கழகப் பிள்ளைகள் செய்த றிமோட் விமானம் மூக்குக் குத்தி விழுந்த கதை ஊரெல்லாம் போய்விட்டது. குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்து நிற்கிற சனம் எங்களைக் கண்டால் முதலில் கேட்பது அதைத்தான். கேட்கிறவர்கள் மூன்று வகை. ஒரு பகுதியினர், "சோதனைக்குப் படிக்கிற பிள்ளையளை வாத்திமார் விளையாட்டுக்குப் பழக்கீனம்" என்கிறார்கள். இன்னொரு பகுதியினர், "வெளிநாட்டில இருந்து அனுப்பின நல்ல மோட்டரைச் சீரழிச்சுப் போட்டியள்" என்கிறார்கள். மூன்றாவது பகுதியினர்தான் கூட. அவர்கள் கேட்பது, "சேர், மோட்டர் கனமெண்டால் வாலில ரெண்டு வலை ஈயத்தைக் கட்டிவிட்டால் சரிதானே?"

மூன்றாவது கேள்வியில் இருந்தே தொடங்குகிறோம். அதற்குப் பதில் சொன்னால் மற்ற இரண்டுக்கும் பதில் தானாக வரும்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். விமானம் ரெஜிபோம் தட்டும் மூங்கிலும் வைத்துப் பிள்ளைகள் தங்கள் கையால் செய்தது. இறக்கை நுனிக்கு நுனி 140 சென்ரிமீற்றர், இறக்கையின் அகலம் 24 சென்ரிமீற்றர். மோட்டர், பற்றரி எல்லாம் பூட்டினால் நிறை 1200 கிராம். பங்குனி மாதத்து அமைதியான காலைகளில் அது அழகாகப் பறந்தது. சோளகம் தொடங்கியதும்தான் சிக்கல் வந்தது. எங்கள் வெட்டைகளில் சோளகம் எப்படி வீசும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காற்றுக்கு எதிரே திருப்பினால் விமானம் முன்னுக்குப் போகாமல் நின்ற இடத்திலேயே நின்றது. சின்ன மோட்டருக்கு அவ்வளவுதான் இழுவை.

இதைக் கேள்விப்பட்ட பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டில் இருந்து பெரிய மோட்டர் ஒன்றை அனுப்பிவைத்தார். அதன் சுழலி, பூட்டும் தகடு எல்லாம் சேர்த்துப் பழையதைவிட 100 கிராம் கூட. பார்சலை உடைத்த அன்று பிள்ளைகள் துள்ளிய துள்ளல் கொஞ்சமல்ல. உண்மையைச் சொன்னால் நாங்களும் துள்ளினோம். அன்று பின்னேரமே பூட்டினோம், அன்று பின்னேரமே பறக்கவிட்டோம். சமநிலை பார்க்கவில்லை.

எழும்பியது. எழும்பியவுடனேயே மூக்குக் கீழே போகப் பார்த்தது. றிமோட் தடியைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடியே ஒரு சுற்றுச் சுற்றினோம். இறக்குவதற்காக வேகத்தைக் குறைத்தபோது, எவ்வளவு இழுத்தும் மூக்கு நிமிரவில்லை. நிலத்தில் குத்தியது. சுழலி உடைந்தது, மோட்டர் பூட்டிய பலகை பிய்ந்தது. மோட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, அனுப்பியவரும் ஊராரும் நிம்மதியாக இருக்கலாம். பிழை பிள்ளைகளுடையது அல்ல. தரம் பத்துக்கு விசையின் திருப்பத்தைக் கரும்பலகையில் படிப்பிக்கிற பெரியவர்கள், வெட்டையில் நின்றபோது அதை மறந்துபோனோம். அந்தப் பிழையை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம்.

இனி ஈயத்துக்கு வருவோம்.

எந்த விமானத்துக்கும் ஒரு சமநிலைப் புள்ளி உண்டு. அந்த இடத்தில் இரண்டு விரல்களால் தாங்கினால் மூக்கும் சாயாது, வாலும் சாயாது. எங்கள் விமானம் போன்ற சாதாரண பயிற்சி மாதிரிகளில், இறக்கையின் முன் விளிம்பில் இருந்து இறக்கை அகலத்தின் கால்வாசிக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையில் அந்தப் புள்ளி விழவேண்டும். எங்களுடையது முன் விளிம்பில் இருந்து 7 சென்ரிமீற்றரில் இருந்தது. பழைய மோட்டரோடு நன்றாகப் பறந்ததற்கு அதுதான் காரணம்.

எங்கள் வீடுகளில் துலாக் கிணறு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். துலாவின் ஒரு பக்கம் கயிறும் வாளியும், மறுபக்கம் பாரம். வாளியைப் பெரிதாக்கினால் மறுபக்கப் பாரத்தையும் பார்க்கவேண்டும். எவ்வளவு பாரம் என்பது மட்டும் போதாது, அச்சில் இருந்து எவ்வளவு தூரத்தில் என்பதும் முக்கியம். பாரத்தைத் தூரத்தால் பெருக்கி வருவதுதான் திருப்பம். இரண்டு பக்கத் திருப்பமும் சமமாக இருந்தால்தான் துலா நிற்கும்.

இப்போது எங்கள் கணக்கு. புது மோட்டரால் கூடியது 100 கிராம். அது சமநிலைப் புள்ளியில் இருந்து 25 சென்ரிமீற்றர் முன்னால் இருக்கிறது. நூறை இருபத்தைந்தால் பெருக்கினால் 2500. மொத்த நிறை 1300 கிராம் ஆகிவிட்டது. 2500ஐ 1300ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 1.9. அதாவது சமநிலைப் புள்ளி ஏறத்தாழ இரண்டு சென்ரிமீற்றர் முன்னுக்கு ஓடிவிட்டது. 7இல் இருந்தது 5க்குப் போனது. இரண்டு விரல் அகலம்கூட இல்லாத தூரம். விமானத்தை மூக்குக் குத்த வைக்க அது போதும்.

வால் முனை சமநிலைப் புள்ளியில் இருந்து 60 சென்ரிமீற்றர் பின்னால் இருக்கிறது. 2500ஐ 60ஆல் பிரித்தால் 42 கிராம் ஈயம். ஆகவே ஊரார் சொன்னது கணக்குப்படி பிழையில்லை. வாலில் 42 கிராம் ஈயம் கட்டினால் விரலில் வைக்கும்போது விமானம் நேராகத்தான் நிற்கும். பிறகு ஏன் வேண்டாம் என்கிறோம்?

முதற் காரணம், அது வேலை செய்யாத பாரம். மோட்டர் இழுக்கும், பற்றரி மின்சாரம் தரும், இறக்கை தூக்கும். ஈயம் சும்மா கிடக்கும், ஆனால் அதையும் இறக்கைதான் சுமக்கவேண்டும். பாரம் கூடக் கூட விமானம் விழாமல் இருக்கத் தேவையான ஆகக் குறைந்த வேகமும் கூடும், இறங்குகிற வேகமும் கூடும். இரண்டாவது, ஒரு முனையில் கனத்த மோட்டர், மறுமுனையில் ஈயம் என்று இரண்டு அந்தத்திலும் பாரத்தை வைத்தால் விமானம் திருப்பத்துக்குச் சுணங்கும், திரும்பத் தொடங்கினால் நிறுத்தவும் சுணங்கும். நீளத் தடியின் இரண்டு முனையிலும் கல்லைக் கட்டிச் சுழற்றிப் பாருங்கள், அதே கற்களை நடுவில் கட்டிச் சுழற்றிப் பாருங்கள், வித்தியாசம் கையில் தெரியும். மூன்றாவது, வால் ரெஜிபோம். இறங்கும்போது ஏற்படுகிற குலுக்கத்தில் ஈயம் கழன்றால், அடுத்த முறை எழும்பும்போது பழைய கதைதான்.

நாலாவது காரணம்தான் பெரியது. கையில் அகப்பட்ட ஈயத்தைக் கணக்கில்லாமல் கட்டினால் புள்ளி தேவைக்கு மேல் பின்னுக்குப் போகலாம். மாதிரி விமானக்காரரிடம் ஒரு வழக்கு உண்டு: மூக்குக் கனத்தது மோசமாகப் பறக்கும், வால் கனத்தது ஒரே ஒருமுறைதான் பறக்கும். மூக்குக் கனத்த விமானம் பிடிவாதக்காரன், ஆனால் நேரே போகும். வால் கனத்த விமானத்தில் தடியைக் கொஞ்சம் தொட்டாலும் மூக்கு மேலே பாயும், பாய்ந்தால் திரும்பி வராது. அது பிள்ளைகள் நிற்கிற பக்கம் விழுந்தால் என்ன செய்வது? 1.3 கிலோ பொருள் வேகமாக வந்து விழுவது விளையாட்டல்ல.

ஆகவே எங்கள் கருத்து இது: புதுப் பாரத்துக்கு எதிர்ப்பாரம் தேடமுன், ஏற்கெனவே உள்ள பாரங்களில் எதை நகர்த்தலாம் என்று பார்க்கவேண்டும். எங்கள் விமானத்தில் பற்றரி 200 கிராம். அது மூக்குப் பக்கமாக, சமநிலைப் புள்ளிக்கு 15 சென்ரிமீற்றர் முன்னால் இருந்தது. 2500ஐ 200ஆல் பிரித்தால் 12.5. பற்றரியைப் பன்னிரண்டரை சென்ரிமீற்றர் பின்னுக்கு நகர்த்தினால் கணக்குத் தீர்ந்தது. ஒரு கிராம்கூடக் கூடவில்லை. இதைக் கண்டுபிடித்தது நாங்கள் அல்ல, தரம் பத்துப் பிள்ளை ஒருத்தி. விழுந்த விமானத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கணக்குப் போட்டுக்கொண்டு வந்து, "சேர், ஈயம் தேவையில்லை. பற்றரியைத் தள்ளி வைப்பம்" என்றாள்.

பலகையைத் திருத்தினோம், பற்றரிக்கு இறக்கையின் கீழே புது இடம் வெட்டினோம், அது அசையாமல் பட்டி போட்டோம். இறக்கையின் கீழ் 7 சென்ரிமீற்றரில் இரண்டு பக்கமும் அடையாளம் வைத்து, இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு விரலால் தூக்கிப் பார்த்தார்கள். நேராக நின்றது. இறக்கை ஒரு பக்கம் சாய்கிறதா என்று மூக்கிலும் வாலிலும் பிடித்தும் பார்த்தோம். பிறகுதான் பறக்கவிட்டோம். சோளகத்துக்கு எதிரே போய்த் திரும்பி வந்தது. இந்தச் செய்தி மட்டும் ஏனோ ஊரெல்லாம் போகவில்லை.

ஈயம் ஹராம் இல்லை. நகர்த்துவதற்கு ஒன்றுமே இல்லாதபோது, கணக்குப் பார்த்து, இறுக்கிப் பொருத்தி, அதையும் வைக்கலாம். உலகம் முழுக்க வைக்கிறார்கள். அது கடைசி வழி என்றுதான் சொல்கிறோம்.

இதில் புதிதாக ஒன்றுமில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். தைப்பொங்கல் நாளில் வல்வெட்டித்துறைப் பட்டப் போட்டியைப் பார்க்கப் போகிற எங்கள் பெடியள், வீட்டில் பட்டம் கட்டும்போது என்ன செய்கிறார்கள்? பட்டத்தில் பெரிய விண் பூட்டினால் முச்சையைத் திரும்பப் பார்க்காமல் யாராவது ஏற்றுவார்களா? முச்சைக் கயிற்றைக் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, பிறகு தேவையென்றால்தான் வாலில் கை வைப்பார்கள். விண் கனத்தால் பட்டம் குத்தும் என்பது எட்டு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்கு அன்று தெரியாமல் போனது, பார்சலில் வந்த மோட்டரின் மினுக்கத்தைப் பார்த்ததால்தான்.

"ஈயமும் வேண்டாம், பற்றரியும் வேண்டாம், தடியை இழுத்துப் பிடித்தே ஓட்டலாமே" என்று சொன்னவர்களும் உண்டு. நாங்களும் அந்த ஒரு சுற்றில் அதைத்தான் செய்தோம். உலகத்தின் பெரிய விமானக் கம்பனி ஒன்றும் இதற்குக் கிட்டவான பிழை ஒன்றை விட்டது. போயிங் 737 மக்ஸ் விமானத்துக்குப் பழையதைவிடப் பெரிய எஞ்சின்களைப் பூட்டியபோது, இறக்கையின் கீழே இடம் போதாமல் அவற்றை முன்னுக்கும் மேலுக்குமாகத் தள்ளி வைத்தார்கள். அங்கே பிரச்சினை பாரம் மட்டுமல்ல. விமானம் மூக்கை மிகவும் நிமிர்த்துகிற நேரத்தில் அந்த எஞ்சின்களின் இடமும் பருமனும் சேர்ந்து மூக்கை இன்னும் மேலே தள்ளப் பார்த்தன. அதைச் சமாளிக்க, விமானியைக் கேளாமலே மூக்கைக் கீழே இறக்குகிற மென்பொருள் ஒன்றைப் போட்டார்கள். அது ஒரே ஒரு உணரியின் தகவலை நம்பி வேலை செய்தது. உணரி பிழையாகச் சொன்னபோது மென்பொருள் மூக்கைத் திரும்பத் திரும்பக் கீழே தள்ளியது. 2018 ஒக்ரோபர் 29இல் இந்தோனேசியாவில் 189 பேர், 2019 மார்ச் 10இல் எத்தியோப்பியாவில் 157 பேர். மொத்தம் 346 உயிர்கள். அதன் பிறகுதான் உலகம் முழுக்க அந்த விமானங்களைத் தரையில் நிறுத்தினார்கள்.

எங்கள் ரெஜிபோம் விமானத்தையும் அதையும் ஒன்றென்று சொல்லவில்லை. பாடம் ஒன்றுதான்: எஞ்சினை மாற்றினால் முழு விமானத்தையும் திரும்பப் பார்க்கவேண்டும். உடம்பில் திருத்தவேண்டியதை உடம்பில் திருத்தாமல் தடியாலோ மென்பொருளாலோ மூடி மறைத்தால், ஒரு நாள் அது கைவிடும்.

இனி "விளையாட்டு" என்கிறவர்களுக்கு.

எங்கள் பள்ளிவாசல்களில் அர்ரஹ்மான் சூறாவை எத்தனை முறை ஓதுகிறோம். அதில் மீஸான், அதாவது தராசு, திரும்பத் திரும்ப வருகிறது. அந்தச் சொல்லையே நூலின் பெயரில் வைத்து, அல்காஸினி என்ற அறிஞர் 900 ஆண்டுகளுக்கு முன், மர்வ் நகரில் இருந்துகொண்டு, தராசுகளைப் பற்றியும் பாரங்களின் மையத்தைப் பற்றியும் பெரிய நூல் ஒன்று எழுதினார். 'மீஸான் அல்ஹிக்மா' என்பது அதன் பெயர். அதற்கும் முன், ஒன்பதாம் நூற்றாண்டில், ஸ்பெயினின் குர்துபா நகரத்தில் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இறக்கை கட்டிப் பறந்து பார்த்தார். கொஞ்ச நேரம் மிதந்தார், இறங்கும்போது முதுகில் அடிபட்டது. பிற்காலத்து வரலாற்றாசிரியர் அல்மக்கரி காரணத்தையும் எழுதிவைத்திருக்கிறார்: பறவை இறங்கும்போது வாலைப் பாவிப்பதை அவர் கவனிக்கவில்லை, தனக்கு வால் வைக்கவில்லை. முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாலை மறந்த கதை எங்களோடு தொடங்கியதல்ல.

தூரத்துக் கதை வேண்டாம் என்றால் நெடுந்தீவுக்கு அப்பால், பாக்கு நீரிணையின் மறுகரையைப் பாருங்கள். இராமேஸ்வரம் தீவில், யாத்திரிகர்களை ஏற்றி இறக்கப் படகு வைத்திருந்த ஒருவரின் மகனாக 1931இல் பிறந்தவர் அப்துல் கலாம். சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படித்தார். பிறகு அவர் யாரானார் என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். அதே எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' ஆளில்லா விமானக் குழுவுக்குத்தான் நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்தார். எங்கள் பிள்ளைகளுக்குக் கலாமைவிட அந்தச் செய்திதான் முதலில் தெரிந்திருந்தது, அதிலும் தப்பில்லை.

ஆனால் இந்தப் பெயர்களை எல்லாம் விட, அடுத்த கிழமை வகுப்பில் ஒரு பெடியன் கேட்ட கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. "சேர், அப்பாவின்ர போட்டிலயும் புது எஞ்சின் பூட்டினவை. பழசைவிடக் கனம். அதில பற்றரி மாதிரி எதை நகர்த்துறது?"

வகுப்பு அமைதியாகிவிட்டது. அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் போட் இருக்கிறது.

இப்போது பலர் டூ ஸ்ரோக் எஞ்சினை விட்டு ஃபோர் ஸ்ரோக் எஞ்சினுக்கு மாறுகிறார்கள். எரிபொருள் மிச்சம், சத்தம் குறைவு, நல்லதுதான். ஆனால் அதே குதிரை வலுவில் ஃபோர் ஸ்ரோக் பொதுவாகக் கனம் கூட. 40 குதிரை வலு எஞ்சின்களில் வித்தியாசம் 20 கிலோவுக்கு மேலும் வரலாம். 15இல் இருந்து 25க்கு, 25இல் இருந்து 40க்கு மாறுகிறவர்களும் உண்டு. எல்லாப் பாரமும் போட்டின் பின்பலகையில் தொங்குகிறது. அணியம் எழும்புகிறது, பின்பக்கம் தாழ்கிறது. ஓடும்போது பெரிதாகத் தெரியாது. வேகத்தைத் திடீரென்று குறைத்தால், பின்னால் வருகிற அலை பின்பலகைக்கு மேலால் ஏறும். கடலில் நிற்கிறவருக்கு அதன் அர்த்தம் தெரியும்.

பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு கணக்குப் போட்டோம். எஞ்சின் 25 கிலோ கூடியது என்று வைப்போம். அது போட்டின் நடுவில் இருந்து 2 மீற்றர் பின்னால் இருந்தால் திருப்பம் 50. பின்னால் கிடக்கிற, எரிபொருள் நிறைந்த 20 கிலோ கலனை இரண்டரை மீற்றர் முன்னுக்கு நகர்த்தினால் அதுவும் 50. சரியென்று நாங்கள் கரும்பலகையை அழிக்கப் போனபோது பின் வாங்கில் இருந்து ஒரு குரல்: "சேர், திரும்பி வரேக்க கலன் வெறுமையாயிருக்குமே?"

அந்தப் பிள்ளை சொன்னது சரி. பற்றரி ஓடி முடிந்தாலும் நிறை மாறாது, எரிபொருள் ஓட ஓடக் குறையும். எண்ணெய் எஞ்சின் பூட்டிய மாதிரி விமானங்களில் தாங்கி வெறுமையாக இருக்கும்போது சமநிலை பார்ப்பதும் இதற்காகத்தான். ஆகவே போட்டிலும் குறையாத பாரங்களை, நங்கூரம், வலை, ஐஸ் பெட்டி போன்றவற்றை முதலில் பார்க்கவேண்டும். போகும்போது எங்கே வலை கிடக்கிறது, வரும்போது மீனோடு எங்கே கிடக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். பின்பலகை அந்தப் பாரத்தையும் இழுவையையும் தாங்குமா, போட் செய்தவர் எவ்வளவு வலு வரைக்கும் என்று சொன்னவர் என்றும் கேட்கவேண்டும்.

நயினாதீவுக்கு ஆள் ஏற்றுகிற படகோட்டிமார் இதைக் கணக்கில்லாமலே செய்கிறார்கள். "அண்ணை, நீங்கள் முன்னுக்கு வாங்கோ, அக்கா, நீங்கள் நடுவில இருங்கோ" என்று அவர்கள் ஆட்களை மாற்றி இருத்துவது சும்மா அல்ல. அம்மன் திருவிழா நாட்களில் அவர்கள் சொல்வதைக் கேளாமல் பின்னாலேயே கூடி நிற்கிறவர்கள் இதை வாசித்தால் நல்லது.

அந்தப் பெடியனின் தகப்பனார் அடுத்த நாள் எங்களைத் தேடி வந்தார். கோபமாக வருகிறாரோ என்று நினைத்தோம். "சேர், உவன் நேற்று முழுக்க என்ர போட்டை அளந்துகொண்டு நிண்டவன். ஐஸ் பெட்டியை முன்னுக்கு மாத்தச் சொல்லுறான். மாத்தட்டோ?" என்று கேட்டார். கடலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததில் ஒரு பங்குகூட எங்களுக்குத் தெரியாது என்றோம். கரைக்குக் கிட்ட, கடல் அமைதியான நாளில், காப்பு அங்கியோடு, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கச் சொன்னோம். பிள்ளை போட்ட கணக்கைத் தகப்பன் காது கொடுத்துக் கேட்டாரே, எங்களுக்கு அது போதும். விளையாட்டுக்குப் பழக்குகிறோம் என்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுங்கள்.

வெளிநாட்டில் இருக்கிற எங்கள் உறவுகளுக்கு ஒரு வார்த்தை. நீங்கள் அனுப்பிய மோட்டருக்கு மனதார நன்றி. அது இல்லாமல் சோளகத்தில் பறந்திருக்க முடியாது. ஆனால் அடுத்த முறை பொருளை வாங்கமுன் எங்களைக் கேளுங்கள். அதைவிடப் பிள்ளைகளைக் கேளுங்கள். எங்களுக்கு இப்போது தேவையானது இன்னும் பெரிய மோட்டர் அல்ல. ஒரு கிராம் வரைக்கும் நிறுக்கிற இலத்திரனியல் தராசு ஒன்றும், நல்ல அளவுகோல் நாலைந்தும், உடைந்தால் மாற்றச் சுழலிகள் கொஞ்சமும்தான். விலை குறைவு, படம் எடுத்துப் போடப் பெரிதாக இராது. எங்கள் தீவுகளின் பல பாடசாலைகளில் உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவு இல்லாமல் பிள்ளைகள் யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போகவேண்டியிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். போகிற பிள்ளை, பாடத்தைக் கையால் செய்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

கடைசியாக அனுமதி விடயம். மற்றப் பாடசாலைப் பிள்ளைகளும் இதைச் செய்து பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். சந்தோசம். ஆனால் 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களுக்குப் பிறகு இந்த நாட்டில் ஆளில்லா வானூர்திகள் பறக்கவிடுவதைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை நிறுத்தி வைத்திருந்ததை மறக்கவேண்டாம். இப்போதும் விதிகள் உண்டு. எங்களைச் சுற்றிக் கடற்படை முகாம்கள் இருக்கின்றன. எங்களில் முஸ்லிம் ஆசிரியர்களுக்கு அந்த மாதங்கள் எப்படிப் போயின என்பது நினைவிருக்கிறது, வீட்டில் இருந்த சாதாரண பொருளையும் விளங்கப்படுத்தவேண்டிய காலம் அது. அதனால்தான் முதல் விமானத்துக்கு முன்பே அதிபர், பொலிஸ், கடற்படை என்று எல்லோரிடமும் எழுத்தில் கேட்டோம். சுணங்கியது, ஆனால் கிடைத்தது. ஒளித்துப் பறக்கவிட்டு, ஒரு பிள்ளையின் பெயர் ஒரு புத்தகத்தில் ஏறுவதைவிட இரண்டு மாதம் காத்திருப்பது மேல். படப்பெட்டி பூட்டவேண்டாம். ஆட்கள் கூடி நிற்கிற இடத்துக்கு மேலால் விடவேண்டாம்.

பெற்றோரிடம் எங்கள் கோரிக்கை சின்னது. கழகம் கூடுகிற நாளில் பிள்ளையை அனுப்புங்கள், முடிந்தால் நீங்களும் வாருங்கள். பட்டம் கட்டத் தெரிந்தவர்கள் வாருங்கள், முச்சை பற்றி எங்களுக்கே சொல்லித்தாருங்கள். போட் வைத்திருக்கிறவர்கள், புது எஞ்சின் பூட்டியிருந்தால், பழைய எஞ்சினின் நிறையும் புதியதின் நிறையும் போட்டின் நீளமும் எழுதிக்கொண்டு வாருங்கள். பிள்ளைகள் கணக்குப் போடுவார்கள், நாங்கள் சரி பார்ப்போம், மாற்றுவதா வேண்டாமா என்பதை நீங்கள்தான் தீர்மானிப்பீர்கள்.

விமானம் இப்போது நல்ல சுகம். கடற்கரை வெட்டையில் காற்றுக்கு எதிரே ஏறுகிறது. வாலில் ஈயம் இல்லை. அடுத்த பறப்பு எப்போது என்று அனுமதி கிடைத்ததும் இங்கேயே அறிவிப்போம், இன்ஷா அல்லாஹ்.